தணிப்பான் இல்லாத மாலை

காதில் சீழ் வைத்திருந்ததால் ஒரு வாரத்துக்குத் தணிப்பானை மாட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு வருஷத்தில் அது இல்லாமல் செண்பகவல்லி மகளோடு பேசிய முதல் மாலை அது.

டாலஸ் வெயிலில் வாடி வந்த தாரிணி, பள்ளிப் பையைச் சோபாவில் எறிந்துவிட்டு ஃப்ரிட்ஜைத் திறந்தாள்.

“மத்தியானம் சாப்பிட்டியாடி?”

“ம். பாத்ரூம்ல, கதவச் சாத்திட்டு. எப்பவும் போல.”

வல்லியின் கையில் கரண்டி நின்றது. “பாத்ரூம்லயா? ஏன்டி?”

“கூட உக்கார யாருமில்ல, அதான். ரெண்டு வருஷமா இதையேதானே சொல்றேன். நீயும் ‘நல்லதுடா தங்கம்’பே. இன்னைக்கு என்ன புதுசா?”

இரண்டு வருஷமும் வல்லியின் காதில் விழுந்தது வேறு. ‘தனியா, நிம்மதியா சாப்பிட்டேம்மா.’

பதினான்கு வயதில் தாரிணி கதவை அறைந்து சாத்தி “ஐ ஹேட் யூ” என்று கத்தினாள். மறுநாளே, கடுஞ்சொல்லை இதமாக மாற்றிக் கேட்கவைக்கும் தணிப்பானை இருவர் காதுக்கும் வாங்கி வந்தவள் வல்லிதான். வீட்டில் சண்டை நின்றால் போதும் என்று, அளவை உச்சத்தில் வைத்ததும் அவள்தான்.

“எனக்குக் கேக்கலடி, சத்தியமா கேக்கவே இல்ல,” என்று அவள் உடைந்து அழுதாள்.

“சரிம்மா, பரவால்ல,” என்றாள் தாரிணி, ஃப்ரிட்ஜுக்குள் எதையோ தேடியபடி. அழுகை அவள் காதிலிருந்த தணிப்பானைத் தாண்டிப் போய்ச் சேரவில்லை.

வல்லி அருகே போய் மகளின் காதை நோக்கிக் கை நீட்டினாள். தாரிணி சட்டென விலகிக் காதைப் பொத்திக்கொண்டாள்.

“எடுக்காதம்மா, ப்ளீஸ். இதுலதான் நீ என்னைத் திட்டாம பேசுற.”