மாணவனுக்கு ஏது ரகசியம்

"இந்தப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றில் இது மிக முக்கியமான நாள். எல்லாரும் எழுந்து நில்லுங்க," என்றார் ரெக்டர் டாக்டர் எவாரிஸ்டோ பெனீத்தெஸ்.

ஆட்சிக்குழு எழுந்து நின்றது.

"இன்று முதல் மாணவர்களின் மின்னஞ்சலில் ரகசியம் என்பது கிடையாது. கணக்கைக் கொடுத்தது நாம். சாவியும் நம்மிடம். உட்காருங்க."

உட்கார்ந்தார்கள். வெளியே அசுன்சியோன் நகரம் வெயிலில் வெந்துகொண்டிருந்தது. டீன் நின்ஃபா தெரெரே என்னும் குளிர்ந்த மூலிகைத் தேநீரைக் கோப்பையில் ஊற்றிப் பக்கத்திலிருந்தவருக்குக் கொடுத்தார். ஒரே கோப்பை, ஒரே உறிஞ்சுகுழல், வட்டமாகப் போய்வரும். போதும் என்பவர் 'நன்றி' சொல்லி ஒதுங்கிக்கொள்ள வேண்டும். இதுவரை யாரும் சொல்லவில்லை.

பிரச்சினை இதுதான். "ரெக்டர் வருகிறார், எம்பனாடாக்களை ஒளித்து வையுங்கள்" என்று யாரோ ஒரு வரி எழுதிவிட்டார்கள். எம்பனாடா என்பது அந்த ஊர் சமோசா. அது மாணவர் போன்களில் எல்லாம் ஓடி, கடைசியில் ரெக்டரின் மனைவி போனுக்கும் வந்து சேர்ந்தது. அந்த அம்மாள் சிரித்துவிட்டார். அதன்பிறகு அதை எப்படி மன்னிப்பது?

"சொல்லுங்க, இன்ஜினியர்."

கணினிப் பிரிவு நெல்சன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "மாணவர் கணக்கு ஒண்ணு விடாம 'ரெக்டர்'ங்கிற வார்த்தையைத் தேடினேன், டாக்டர். ரெண்டே ரெண்டு கணக்குலதான் இருக்கு."

"ரெண்டுதானா?" ரெக்டருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

"பசங்க யாரும் இந்த மெயிலைத் தொடுறதே இல்ல, டாக்டர். எல்லாம் போன்லதான். போன் இல்லாதவங்கதான் இதுல..." நெல்சன் கடைசி நாற்காலியைப் பார்த்தான். விசாரணைக்கு வரவழைக்கப்பட்டிருந்த, உதவித்தொகையில் நர்சிங் படிக்கும் சூனில்டா அதன் நுனியில் உட்கார்ந்திருந்தாள். "முதல் கணக்கு இவங்களோடது. நான் இன்னும் திறந்து பாக்கல. திறக்கணுமா?"

"அந்த எம்பனாடா வரி அதுல இருந்தா, இந்தப் பொண்ணோட உதவித்தொகை இன்னியோட சரி. திற. சத்தமாப் படி."

"அது எங்க அக்காவுக்கு எழுதினது, டாக்டர்," என்றாள் சூனில்டா மெதுவாக.

"இருக்கட்டுமே. மாணவனுக்கு ஏதும்மா ரகசியம்?"

அந்த ஊரில் சட்டம் படித்தவர்கள் எல்லாரும் டாக்டர்தான். ரெக்டர் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாக டாக்டர். அவரை மறுத்துப் பேசி யாருக்கும் பழக்கமில்லை.

அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த திரையில் கடிதம் விரிந்தது. நெல்சன் படித்தான்.

"'அக்கா, இன்னிக்கு ரெக்டரைப் பாக்கப் போனேன், தங்க இடம் கேக்கலாம்னு. மேசைல சீஸ் ரொட்டி இருந்துச்சு. அதையே பாத்துட்டு நின்னேன். என்ன வேணும்னு கேட்டார். வாய் வரல. தண்ணி குடிக்க வந்தேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். ரூமைக் காலி பண்ணினதுல இருந்து பஸ் நிலையத்துலதான் தூங்குறேன். குளிக்கிறது லைப்ரரி கழிவறையில. இங்க யாருக்கும் தெரியாது. புவெனோஸ் அய்ரெஸ்ல வேலைக்குப் போய் நீ படுற பாட்டுல...'"

அதற்குமேல் அவனால் முடியவில்லை.

சூனில்டா அழவில்லை. ஈரம் காயாத தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டாள். யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதுபோல.

டீன் நின்ஃபா கோப்பையை நீட்டினார். "நன்றி," என்றார் பக்கத்திலிருந்தவர். "நன்றி," என்றார் அடுத்தவர். "நன்றி." கோப்பை யாரிடமும் போகாமல் டீன் கையிலேயே நின்றது. எல்லாரும் அவரவர் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இதுல எம்பனாடா இல்லையே," என்றார் ரெக்டர்.

"இல்ல, டாக்டர்."

"சரி, அடுத்தது."

"போதும், டாக்டர்," என்றார் டீன். "இனிமே இந்தப் பொண்ணு மூஞ்சில எப்படி முழிக்கிறது? எனக்கே வெக்கமா இருக்கு."

"வெக்கம் எழுதினவனுக்கு இருக்கணும், நின்ஃபா. படிக்கிறவனுக்கு எதுக்கு?"

நெல்சன் அடுத்த கணக்கைத் திறந்தான். பார்த்தான். கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

"டாக்டர், இது வேண்டாமே."

"ஏன், செனட்டர் வீட்டுப் பையனா?"

"இல்ல, டாக்டர்."

"அப்புறம் என்ன? நீ படிக்கலைன்னா இவ படிக்கட்டும். ஏம்மா, உன் கூட்டாளியோடதுதான், படி."

சூனில்டா திரையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"அடுத்தவங்க கடிதம், டாக்டர். நான் படிக்க மாட்டேன்."

"இந்தச் சபையில் துணிச்சல் என்பது ஒருவருக்குத்தான் இருக்கிறது," என்று ரெக்டர் எழுந்தார். கோட்டைச் சரிசெய்துகொண்டார். கண்ணாடியை மாட்டினார். திரையின் பக்கம் திரும்பி, நீதிமன்றத்தில் தீர்ப்பு வாசிக்கும் குரலில் ஆரம்பித்தார்.

"'மதிப்பிற்குரிய பேராசிரியருக்கு. ரோமச் சட்டத் தேர்வில் இந்த முறையாவது எனக்கு பாஸ் போட்டுவிடுங்கள். நான் இப்போது ரெக்டர் என்பதை...'"

குரல் அங்கேயே நின்றுவிட்டது.

"மேல படிங்க, டாக்டர்," என்றார் டீன் நின்ஃபா.

அவர் படிக்கவில்லை. திரையின் மேல் மூலையில் அது யாருடைய கணக்கு என்று போட்டிருந்தது: எவாரிஸ்டோ பெனீத்தெஸ், சட்டத்துறை மாணவர், முதலாம் ஆண்டு.