சும்மா இருக்கிறவர்

படியில் கலீமின் குரல் கேட்டதும் நவ்ஷாத் பதறிப்போய்க் கட்டிலை விட்டு எழுந்தான். கைலியை இழுத்து இறுக்கிக்கொண்டு சுவரோரமாய் நின்றான்.

அவன் எழுந்த இடத்தில் அவன் மனைவி ரிஃபானா உட்கார்ந்தாள். மஞ்சள் உல்லன் நூலில் முக்கால்வாசி பின்னிய குட்டி ஷூ அவள் கையில் இருந்தது. ஒரு வயதுக் குழந்தைக்கு ஆகும்.

கலீமோடு வந்தவர் ஜிஎஸ்டி அலுவலகத்து அம்மா. விண்ணப்பத்தில் சொன்ன விலாசத்தில் சொன்ன தொழில் நடக்கிறதா என்று பார்த்துப் போட்டோ எடுத்துப்போக வந்தவர். அடுத்து ஸ்ரீரங்கத்தில் இன்னொரு வீடு பார்க்க வேண்டுமாம். உட்காரக்கூட இல்லை.

பாலக்கரைச் சந்தில் மாடியில் ஒற்றை அறை, அதுதான் பிள்ளைகளுக்கு ஷூ பின்னும் தொழிற்கூடம். ஜிஎஸ்டி நம்பர் வந்தால்தான் ஆன்லைனில் கடை திறக்க விடுவார்கள், வெளி மாநிலத்துக்குப் பார்சல் போகும். முதல் விண்ணப்பம் வாசலில் பெயர்ப் பலகை இல்லை என்று திரும்பி வந்துவிட்டது. இந்தத் தடவையும் தட்டிப்போனால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக, மொத்தமாக ஷூ கேட்டிருந்த பெங்களூர்க் கடைக்காரர் சொல்லிவிட்டார்.

இப்போது பலகை தொங்குகிறது. உரிமையாளர் ரிஃபானா என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது.

வீடு கலீமுடையது. ரிஃபானாவின் அண்ணன். வீட்டு வரி ரசீது, கரண்ட் பில், என் வீட்டில் தொழில் செய்யச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்ட கடிதம், எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் அவனே கொண்டு வந்திருந்தான். கொண்டு வந்தவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா நிற்பானா?

"என் தங்கச்சி கைதாங்க மேடம் இந்தக் குடும்பத்தையே நிறுத்துது," என்றான். சொல்லிவிட்டு நவ்ஷாத்தை ஒரு பார்வை பார்த்தான்.

சவூதியில், தம்மாமில் வேலை போய் நவ்ஷாத் ஊர் திரும்பி இரண்டு வருஷம். அந்தப் பார்வைக்கும் வயது இரண்டு வருஷம்தான். பொண்டாட்டி சம்பாத்தியத்தில் உட்கார்ந்து தின்கிறவன் என்று சந்து முழுக்க அவனுக்குப் பெயர்.

அந்த அம்மா படிவத்திலிருந்து நிமிர்ந்தார். "சார் என்ன பண்றீங்க?"

"சும்மாதாங்க இருக்கேன்."

சொல்லும்போதே அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. கலீம் தொண்டையைச் செருமினான். ரிஃபானா குனிந்துகொண்டாள்.

அவர் செல்போனை எடுத்தார். "வேலை செய்ற மாதிரி ஒரு போட்டோ வேணும்மா. சார், நீங்க கொஞ்சம் தள்ளிக்குங்க, படத்துல விழுறீங்க."

நவ்ஷாத் தள்ளிக்கொண்டான். அலமாரிப் பக்கமாக நாலு எட்டு வைத்தான்.

ரிஃபானாவின் கையில் ஷூ துள்ளியது.

ஒரு வரிசை அவிழ்ந்தது. அதன் பின்னால் இன்னொன்று. கணுக்கால் போனது, குதிகால் போனது. மஞ்சள் நூல் கட்டிலிலிருந்து இறங்கி, அந்த அம்மாவின் செருப்பில்லாத காலைத் தாண்டி, கலீமின் கண் முன்னாலேயே நீண்டு, நவ்ஷாத்தின் கைலி மடிப்புக்குள் போய்ச் சேர்ந்தது.

மடிப்பில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு நூல் பந்து. கீழே விட்டால் கட்டிலடிக்கு உருண்டுவிடும் என்று, பின்னும்போது அங்கேதான் செருகிக்கொள்வான். படியில் சத்தம் கேட்ட பயத்தில் ஷூவை அவள் கையில் திணித்தவன் பந்தை மறந்துவிட்டான். அட பாவி மனுஷா!

தம்மாமில் பக்கத்துக் கட்டில் பிலிப்பைன்ஸ்காரன் கற்றுக்கொடுத்த வேலை. அங்கே யாரும் அவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை. பாலக்கரையில் ஓர் ஆம்பளை பிள்ளைகளுக்கு ஷூ பின்னுகிறான் என்று தெரிந்தால் மானம் கப்பலேறிவிடும். அதற்குச் சும்மா இருக்கிறவன் என்ற பெயரே மேல் என்று இருந்துவிட்டான்.

"எனக்கு நூல் பிடிச்சுத் தருவாருங்க," என்றாள் ரிஃபானா அவசரமாக.

"அதையாவது செய்றாரே," என்று கலீம் சிரித்தான். நவ்ஷாத்தும் கூடச் சேர்ந்து சிரித்து வைத்தான். தப்பித்தாயிற்று.

"சரிம்மா, இப்ப கையில ஒண்ணுமில்லையே. நாலு தையல் போடுங்க, எடுத்துக்கறேன்."

ரிஃபானா கொக்கி ஊசியைக் கரண்டி பிடிப்பதுபோல் பிடித்தாள். பார்சல் கட்டுவது, விலாசம் ஒட்டுவது, வாங்குகிறவர்களுக்குப் பதில் சொல்வது, இதெல்லாம்தான் அவள் வேலை. முதல் முடிச்சு விழவில்லை. மறுபடி போட்டாள். அதுவும் விழவில்லை. அந்த அம்மா செல்போனை இறக்கிவிட்டுப் பேனா மூடியைக் கழற்றினார்.

செய்யாத திருட்டுக்கு மாட்டிக்கொண்டவள் மாதிரி ரிஃபானாவின் முகம் கறுத்துவிட்டது. ஆனால் நவ்ஷாத் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. திரும்பினால் காட்டிக்கொடுத்ததாகிவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். ஊசியை வாங்கினான். கலீம் நின்ற திசையை மட்டும் பார்க்கவில்லை. பூமி பிளந்து உள்ளே வாங்கிக்கொண்டால் தேவலை என்றிருந்தது. கை மட்டும் அது பாட்டுக்கு ஓடியது.

கலீமின் சிரிப்புச் சத்தம் எப்போதோ நின்றிருந்தது.

அந்த அம்மா பேனாவை மூடிவிட்டுச் செல்போனைத் தூக்கினார். இந்தத் தடவை யாரையும் தள்ளிக்கச் சொல்லவில்லை.

"சும்மாதான் இருக்கேன்னீங்களே சார்?"

நவ்ஷாத் நிமிரவில்லை. ஏழாவது தையலில் இருந்தான். நடுவில் வாயைத் திறந்தால் எண்ணிக்கை தப்பிவிடும்.