டீ ஐஸ்கிரீம் உறைவதற்குள்

இரண்டாவது முறை கடையும்போதுதான் அவளுக்குச் சுரீர் என்றது.

காலையிலிருந்து வயிற்றில் அசைவே இல்லை.

மத்தைச் சுழற்றுவதை நிறுத்தினாள். டப்பாவை வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்தாள். ஃப்ரீசரிலிருந்து எடுத்த எவர்சில்வர் டப்பா. சில்லென்று ஏதாவது பட்டால் உள்ளே இருப்பது சும்மா விடாது, ஓர் உதை உதைக்கும்.

முதல் முறை கடைந்தபோது உதைத்ததா?

யோசித்துப் பார்த்தாள். ஐஸ்கிரீமிலேயே கண்ணாக இருந்துவிட்டாள். நினைவில்லை.

டப்பாவை மூடி, ஐஸ் ட்ரேக்குப் பின்னால் தள்ளி வைத்தாள். அந்தப் பயத்திலும் ஒளித்து வைக்க மறக்கவில்லை.

டீ குடித்தால் பிள்ளை கறுத்துப் பிறக்கும். இது அத்தை போட்ட சட்டம். வயிற்றில் தங்கிய நாளிலிருந்து வீட்டில் அவளுக்கு மட்டும் டீ கிடையாது. குளிர்ச்சியாக எதையும் தொடக் கூடாது, பிள்ளைக்குச் சளி பிடிக்கும். இது இன்னொரு சட்டம்.

நாக்கு கேட்டால்தானே.

பாலைச் சுண்டக் காய்ச்சினாள். டீத்தூளைத் தாராளமாகப் போட்டாள். ஏலக்காய் தட்டிப் போட்டு, வடிகட்டி, சர்க்கரை கலந்து, ஆறவைத்து ஃப்ரீசரில் ஏற்றினாள். மெஷின் எல்லாம் வேண்டாம். ஓரம் கெட்டியானதும் எடுத்து மோர் கடையும் மத்தால் கடைந்து திரும்ப வைத்தால் போதும். முன்னறையில் அத்தையின் கத்தரிச் சத்தம் கேட்கிறவரை சமையலறையில் அவள் ராஜ்ஜியம்தான். டீயைக் குடிக்கத்தானே கூடாது, தின்னலாமே என்று தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

அந்தச் சிரிப்பை நினைக்கவே இப்போது பயமாக இருந்தது.

ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தாள். நடந்து பார்த்தாள். விரலால் வயிற்றை மெல்லக் குத்தினாள்.

"எந்திரி சாமி," என்றாள் ரகசியமாக.

ஏதோ துடித்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய நாடிதான். உடம்பு முழுக்க அதுதான் அடித்துக்கொண்டிருந்தது.

கணவன் லோடு ஏற்றிக்கொண்டு தூத்துக்குடி போயிருந்தான். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

முன்னறைக்குப் போனாள். பனியன் கம்பெனியிலிருந்து வந்த மூட்டையைப் பிரித்துப் போட்டு அத்தை நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, அசையவே மாட்டீங்குதுங்க."

கத்தரிச் சத்தம் நின்றது.

அத்தை நர்ஸம்மாவுக்குப் போன் போட்டாள். உடனே கூட்டி வாருங்கள் என்றார் நர்ஸம்மா. வண்டி வருகிறவரை இடது பக்கமாகப் படுக்க வையுங்கள். குளிர்ச்சியாக, இனிப்பாக ஏதாவது இருந்தால் கொடுங்கள். சில பிள்ளைகள் அதில் முழித்துக்கொள்ளும்.

சில பிள்ளைகள்.

மற்ற பிள்ளைகள்?

ஒருக்களித்துப் படுத்தாள். அத்தை ஆட்டோவுக்குச் சொல்வது கேட்டது. ஃப்ரிட்ஜ் திறக்கிற சத்தம் கேட்டது. ஐஸ் ட்ரேயை இழுக்கிற சத்தம் கேட்டது.

அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

அத்தை வந்து நின்றபோது கையில் அந்த டப்பா இருந்தது. மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள்.

"டீயா?"

"ஆமாங்கத்தை. ஐஸ்கிரீம் பண்ணுனேனுங்க." அதற்குமேல் அடக்க முடியவில்லை. அழுதுவிட்டாள். "இன்னும் ஒரு வாய்கூடத் திங்கலீங்க. ஆசைப்பட்டதுக்கே இப்படி ஆயிருச்சுங்களா?"

அத்தை உள்ளே போய் ஒரு ஸ்பூனோடு வந்தாள்.

குழம்பில் உப்பு ஒரு கல் கூடினாலே தெருமுனைவரை கேட்கத் திட்டுகிற வாய் அத்தைக்கு. இன்றைக்குத் திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்திருக்கும். அத்தை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து டப்பாவை மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு கையை அவள் வயிற்றில் வைத்தாள். மறு கையால் அள்ளி ஊட்டினாள்.

திட்டக்கூட ஒன்றும் மிச்சமில்லை என்று அத்தைக்குத் தெரிந்துவிட்டதோ?



ஐஸ்கிரீம் பாதிதான் உறைந்திருந்தது. பல்லில் நறநறத்தது. டீத்தூள் கூடிப்போய்க் கசந்தது. இத்தனை மாதம் ஏங்கிய ருசி, தொண்டையில் இறங்க மாட்டேன் என்றது. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள்.

இன்னொரு வாய்.

இன்னொன்று.

வயிற்றுக்குள் குளிர்ச்சி இறங்குவது தெரிந்தது. அதைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அத்தையின் விரல்களில் வெள்ளை நூல் பிசிறுகள் ஒட்டியிருந்தன. அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தையின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

பிறகு, விலாவுக்குக் கீழே, ஏதோ.

அவள் நம்பவில்லை. முன்பும் இப்படித்தான் ஏமாந்தாள். வாயைத் திறந்து சொல்லிவிட்டு, அது இல்லை என்று ஆகிவிட்டால் தாங்க முடியாது. அசையாமல் கிடந்தாள்.

வாசலில் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

அத்தை எழுந்திருக்கவில்லை. வயிற்றில் இருந்த கை இன்னும் கொஞ்சம் அழுந்தியது.

மறுபடி ஹாரன்.

"இருய்யா, வர்றோம்!" என்று தெருமுனைவரை கேட்கக் கத்தினாள் அத்தை. குரல் பாதியில் உடைந்தது. ஸ்பூனை அவள் உதட்டருகே கொண்டுவந்தாள்.

"என்ன கழுத பாத்துட்டே இருக்கற? வாயத் தொற. இன்னும் வேணும்னு கேக்குது."