பின் வரிசை

"தப்பு என்னோடதுதான்க்கா. வேற யாரையும் குறை சொல்றதுக்கில்லை," என்றார் ஸ்டூடியோக்காரர். தலை நிமிரவில்லை. மேசைமேல் விலை உயர்ந்த கேமரா இருந்தது. அதன் கழுத்துப்பட்டையில் கடை மடிப்புகூட இன்னும் விரியவில்லை.

எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவள் அவர் கொடுத்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உருக்காலையில் இரண்டு மாதத்துக்கு முன்னால், பாதுகாப்பு தினத்தன்று காலையில் எடுத்த படம். அன்று மதியம் சங்கிலி அறுந்து இரும்பு விழுந்ததில் அவள் புருஷன் செத்துப்போனான்.

ஆலைக்காரர்கள் வேறு மாதிரி எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்த ஆள் முந்தின மாதமே வேலையை விட்டு நின்றுவிட்டான், குடித்துவிட்டு ரோட்டில் அடிபட்டான் என்று. உடன் வேலை பார்த்த நாலு பேரையும் மறுநாளே வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். அன்றைக்கு அவன் ஆலைக்குள்தான் நின்றான் என்பதற்கு மிச்சம் இருந்தது இந்தப் படம் ஒன்றுதான்.

படத்தில் முன் வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்த முதலாளியின் மீசையை ஒவ்வொரு முடியாக எண்ணலாம். பின்னால் நின்ற தொழிலாளிகளோ வெறும் மஞ்சள் ஹெல்மெட்டும் புகையுமாகக் கலங்கிக் கிடந்தார்கள்.

கூட வந்த கொழுந்தன் மூட்டை தூக்குகிறவன். அவனுக்குப் பொறுமை இல்லை. "பீரங்கி மாதிரி வாங்கி வச்சிருக்கியேய்யா, இது எதுக்கு? கொசு அடிக்கவா? எங்கிட்ட இருக்கற உடைஞ்ச போன்ல எடுத்திருந்தாகூட எங்கண்ணன் மூஞ்சி தெரிஞ்சிருக்கும்."

"உண்மைதாண்ணே. இந்த லென்ஸ் ஒரு இடத்தைத்தான் பிடிக்கும். முன்னாடி முதலாளி மேல வச்சேன், பின்னாடி எல்லாம் கலங்கிடுச்சு. காசு போட்டு பெரிய கேமரா வாங்கிட்டா பெரிய ஆளாயிடலாம்னு நெனச்சேன்."

"ஒண்ணுதான் எடுத்தியா?"

"ஒண்ணுதான். வெயில்ல உட்கார முடியலைன்னு எழுந்துட்டாங்க."

"கம்ப்யூட்டர்ல போட்டுத் தெளிவாக்கேன்."

"விழாத முகத்தை எங்கேர்ந்து கொண்டார முடியும்ணே?"

கொழுந்தன் எழுந்து சுவரில் மாட்டியிருந்த படங்களைப் பார்த்துக்கொண்டே போனான். பள்ளிக்கூட ஆசிரியர்கள், கைப்பந்துக் குழு, பஸ் டிப்போ டிரைவர்கள். ஓர் இடத்தில் நின்றான். "இதுல மூணாவது வரிசைக்காரன் சட்டையில பித்தான் இல்லாததுகூடத் தெரியுதே. இதுவும் நீ எடுத்ததுதானே?"

"அது பழைய கேமரா," என்றார் ஸ்டூடியோக்காரர் சட்டென்று. "பதினெட்டு வருஷம் கைக்குப் பழகினது."

அவள் படத்தை முகத்தருகே கொண்டுபோனாள். கடைசி வரிசையில் ஒரு கலங்கலின் மேல் விரலை வைத்தாள். "இதுதான் அவரு. வலது தோள் இறங்கியிருக்கு பாரு. சம்மட்டி அடிச்சு அடிச்சு அப்படி ஆயிடுச்சு."

"நமக்குத் தெரியும் அண்ணி. ஜட்ஜுக்கு அண்ணன் தோளு தெரியுமா?" என்றான் கொழுந்தன்.

அவள் ஸ்டூடியோக்காரர் பக்கம் திரும்பினாள். "திங்கக்கிழமை கேஸு. ஜெயிச்சா பிள்ளைங்க படிக்கும், அது ஒரு பக்கம் இருக்கட்டும் தம்பி. குடிகாரன்னு எழுதிட்டாங்களே, அதுதான் தாங்கல. டீயே ரெண்டாவது கிளாஸ் வேண்டாம்னு சொல்ற மனுஷன்."

ஸ்டூடியோக்காரர் எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நீட்டும்போதே பாதி அவள் காலடியில் சிந்தியது. குனிந்து தன் கைக்குட்டையாலேயே துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

"என்னை ரெண்டு அடி அடிச்சிட்டுப் போங்கக்கா," என்றார். குரல் உடைந்திருந்தது.

"சீ, எழுந்திரு. கேமரா பெருசுன்னா கை உடனே பெருசாயிடுமா? புதுச் சம்மட்டி எடுத்த மொத மாசம் எங்க வீட்டுக்காரர் ரெண்டு வாட்டி தன் விரலையே நசுக்கிக்கிட்டாரு. நீ வேணும்னா பண்ணினே? பழகலை, அவ்வளவுதானே."

அந்த 'வேணும்னா'வில் அவர் முகம் வெளுத்துப்போனது.

கொழுந்தனுக்குக்கூட மனசு இளகிவிட்டது. "விடுய்யா. சின்னப் பிள்ளை மாதிரி அழுதுக்கிட்டு. எங்க நேரம் அப்படி."

அவள் படத்தை முந்தானையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். கோர்ட்டுக்கு ஆகாது. ஆனாலும் அவன் நின்ற கடைசிப் படம். வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"சாப்பிட்டியா தம்பி? மொகமெல்லாம் வாடிக் கெடக்கு. மனசுல வச்சுக்காதே."

அவர்கள் தெருமுனை திரும்பும்வரை ஸ்டூடியோக்காரர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே வந்து நாற்காலியில் விழுந்தார். சட்டைப்பையில் போன் அடித்தது. அடித்து ஓய்ந்து மறுபடியும் அடித்தது. மூன்றாவது தடவை எடுத்தார்.

"நம்பிட்டாங்க மேனேஜர் சார்... அந்தக்கா புருஷன் முகம் தெளிவா விழுந்த படம் எங்கிட்ட இன்னும் இருக்கு, அதை அழிச்சேதான் ஆகணுமா?"