விடுபட்ட இரண்டெழுத்து

மாமனார் குமரேசனின் அறுபதாம் கல்யாணத்துக்கு விழுப்புரத்தில் பஸ் ஏறிய மணிமாறனுக்கு, மெயிலைத் திறந்ததும் பாதி உயிர் போய்விட்டது.

உறவினர் நூறு பேருக்கும் காலை ஆறு மணிக்குத் தானாகவே நினைவூட்டல் போகும்படி தன் மெயில் கணக்கில் அவன்தான் நேரம் குறித்து வைத்திருந்தான். போயும் விட்டது.

'இன்று பத்து மணிக்குத் திண்டிவனத்தில் குமரேசன் அவர்களின் காரியம். தவறாமல் வரவும்.'

'சுபகாரியம்' என்பதில் 'சுப'வைக் காணோம். கருமாதி என்றல்லவா நினைப்பார்கள்!

மனைவிக்கு போன் போட்டான்.

"சூர்யா, மாமா மெயில் பாத்தாரா?"

"தெரியலங்க. தெரு கொள்ளாத ஜனம், மாலையும் கையுமா வந்துக்கினு இருக்கு. ஜல்தி வாங்க."

பஸ் எறும்புக்கெல்லாம் வழிவிட்டு ஊர்ந்தது.

மண்டபத்தில் ஈ நுழைய இடமில்லை. பட்டு வேட்டியோடு மணையில் இருந்த மாமனாரின் காலில் விழாத குறை.

"மன்னிச்சிடுங்க மாமா, ரெண்டெழுத்து விட்டுப்போச்சு."

"விட்டுப்போகல மாப்ள. போன வருஷம் வீடு குடிபோனப்ப சுபகாரியம்னு அனுப்பனீங்க, பதினோரு பேரு வந்தாங்க. உங்க பாஸ்வேர்டு என் பொண்ணு பேருதான? நேத்து நான்தான் அந்த ரெண்டெழுத்த எடுத்தேன். மொதல்ல போயி இன்னும் நூறு எலைக்குச் சொல்லுங்க."