கண்ணாடித் தட்டில் ஒரு மேடு

யாரும் வெறுங்கையால் தொடாத ஒரு கண்ணாடித் தட்டை ஒளிக்கருவிக்குக் கீழே வைத்து அளந்துவிட்டுத்தான் அவள் தினமும் வேலையைத் தொடங்குவாள். மேடு பள்ளமே இல்லாத தட்டு அது. கருவி சரியாக இருந்தால் திரையில் பூஜ்யம் வரும். இன்று ஒரு கட்டைவிரல் ரேகை வந்தது. தட்டைத் துடைத்தும் போகவில்லை.

"பள்ளமா?" என்றார் பக்கத்து மேசை அண்ணன்.

"மேடுண்ணே. உள்ளேயிருந்து யாரோ அழுத்துற மாதிரி."

"நீ பிளஸ், மைனஸை மாத்திப் போட்டிருப்பேம்மா. உன் ஞாபகம் எங்கே இருக்கு?"

அவள் மாற்றியிருக்கவில்லை. ரேகையின் குறுக்கே பிறை மாதிரி ஒரு தழும்பு ஓடியது. சின்ன வயதில் தங்கையின் கட்டைவிரலைக் கதவிடுக்கில் நசுக்கி அந்தத் தழும்பை உண்டாக்கியது அவள்தான். அவளோடு சண்டை போட்டுவிட்டுப் போன தங்கையைப் பற்றி இருபது நாளாக ஒரு தகவலும் இல்லை.

மறுபடி அளந்தாள். மேட்டின் உயரம் எட்டு மைக்ரான். அடுத்த முறை ஆறு. அதற்கடுத்து மூன்று.

"பாத்தியா, தானா சரியாகுது. இன்னும் கொஞ்ச நேரத்துல பூஜ்யத்துக்கு வந்துடும்" என்றார் அண்ணன், சந்தோஷமாக.

அவள் கையுறையைக் கழற்றிவிட்டு, தன் கட்டைவிரலை அந்த ரேகையின்மேல் வைத்து அழுத்தினாள். விரலை எடுத்தால்தான் அடுத்த அளவு எடுக்க முடியும். எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பிய பிறகும் அவள் எடுக்கவில்லை.