ஜன்னல் பக்கத்து அறை

“அந்த விறகுக் கொட்டகையில இனிமே நான் படுக்க மாட்டேன்!” என்று கத்திக்கொண்டே, ஒரு கையில் பெட்டியும் மறு கையில் தலையணையுமாகத் தங்கை மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்தாள்.

“படுக்காட்டிப் போ! யார் காலைப் பிடிச்சா?” என்றாள் அக்கா, கை நிறையப் புதிய விரிப்புகளோடு. “வருஷா வருஷம் இதே கூத்து.”

எதிர்ச் சரிவில் இலைகள் சிவக்கத் தொடங்கிவிட்டால், அந்தச் சிறிய மலையூரில் யாருக்கும் சொந்தப் படுக்கையறை என்று ஒன்று இருப்பதில்லை. நல்ல அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விட்டுவிட்டு, வீட்டுக்காரர்கள் சமையலறையிலும் கொட்டகையிலும் முடங்கிக்கொள்வார்கள். இந்த வீட்டில் அப்படி முடங்குவது எப்போதும் தங்கை ஒருத்திதான் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

“அப்பா கட்டின வீடு இது. எனக்கும் பாதி இருக்கு. நீயும் அத்தானும் உங்க ரூமைக் குடுங்களேன்!”

“எங்க ஜன்னலைத் திறந்தா பக்கத்து வீட்டுத் தண்ணித் தொட்டிதான் தெரியும். அதைப் பாக்க எவன்டி பெட்டி படுக்கையோட வருவான்? உன் ஜன்னல்லதான் மலையே தெரியுது.”

“அது எனக்கும் தெரியும்க்கா. அதைப் பாக்க வர்றவங்களுக்குத்தானே நாள் முழுக்க ரோப் கார்ல டிக்கெட் கிழிச்சுக் குடுக்கறேன்? ஒரு வருஷமாவது என் ரூம்ல உக்காந்து நான் அதைப் பாத்திருக்கேனா?”

“இலையைப் பாத்தா வயிறு நிறைஞ்சிடுமா?”

தங்கை பெட்டியையும் தலையணையையும் இடுக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். அவள் கதவை அறைந்துவிட்டுப் போன வேகத்தில் சுவரில் மாட்டியிருந்த சாவிகள் குலுங்கின.

“திமிர் பிடிச்ச கழுதை” என்று முணுமுணுத்துக்கொண்டே அக்கா விரிப்புகளை உதறினாள். பாதி கோபம், பாதி பயம். போன சீசனில் வந்த ஒருவர் வெந்நீர் வரவில்லை என்று இணையத்தில் எழுதிவிட்டுப் போனதோடு சரி. பிறகு ஒருவரும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

இந்த முறை முதலில் கேட்டவரே சீசன் முழுவதற்கும் அறையைப் பிடித்து, முன்பணமும் கட்டியிருந்தார். பெயரைக்கூடப் போடாமல் ‘மலைக்குருவி’ என்று பதிவு. அவர் முகம் சுளித்தால் இந்த வருடமும் போயிற்று.

“என்னங்க, அந்த மலைக்குருவி ஏதாவது கேட்டிருக்காரா பாருங்க.”

கணவர் செல்போனைத் தள்ளிப் பிடித்துப் படித்தார். “கட்டில் ஜன்னலைப் பாத்தே இருக்கணுமாம். அலமாரியைக் காலி பண்ண வேண்டாமாம்.”

“பாத்தீங்களா? கூடப் பிறந்தவ என் உயிரை எடுக்கறா. முகம் தெரியாத மனுஷன் எவ்வளவு விட்டுக் குடுக்கறார்!”

அக்கா தரையை இருமுறை துடைத்தாள். வெந்நீர் வருகிறதா என்று குழாயைத் திறந்து கை வைத்துப் பார்த்தாள். தன் கட்டிலில் கிடந்த கனத்த கம்பளியையே கொண்டுவந்து விரித்தாள். கொட்டகைக்கு அவள் ஒரு நாளும் அதைக் கொடுத்தனுப்பியதில்லை.

அழைப்பு மணி அடித்தது. சாவியை எடுத்துக்கொண்டு, கலைந்த தலையை ஒதுக்கி, முகத்தில் சிரிப்பை வரவழைத்தபடி கதவைத் திறந்தாள்.

தங்கை நின்றிருந்தாள், அதே பெட்டியும் தலையணையுமாக.

அக்காவின் சிரிப்பு அப்படியே வடிந்தது. “அறிவிருக்காடி உனக்கு? கெஸ்ட் வர்ற நேரம்! பின்பக்கமா வந்து தொலை!”

தங்கை அசையவில்லை. அழுது சிவந்த கண்களை அக்காவின் மீதிருந்து எடுக்காமல், பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வலது கையை நீட்டினாள்.

“கெஸ்ட் நான்தான். சாவியைக் குடுங்க, மேடம்.”